ஊர்ப் பள்ளியில் முன்னாள் படைவீரர்களுக்கு மரியாதை: தேதி, கொடி, கல், பிள்ளைகள்

ஊருணிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி, நகரத்தார் ஒருவர் அந்தக் காலத்தில் கட்டிக்கொடுத்த சுண்ணாம்புக் காரைக் கட்டடம். பழைய மாணவர்கள் சேர்ந்து ஊரில் உள்ள முன்னாள் படைவீரர்களை அழைத்து மரியாதை செய்ய இருக்கிறோம். உயிரோடு இருப்பவர்கள் 11 பேர், மூத்தவருக்கு 84 வயது. கணவர் காலமாகிவிட்ட அம்மாக்கள் 3 பேர். 1971 போரில் இறந்தவர் ஒருவர். அதற்கும் முன்னால் இரண்டாம் உலகப்போருக்குப் போனவர்கள், பர்மாவிலும் மலாயாவிலும் ஐஎன்ஏவில் (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்தவர்கள் உண்டு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பெயர்கள் அரைகுறையாகத்தான் கிடைக்கின்றன.

இப்போதைய திட்டம்: ஜனவரி 14, முன்னாள் படைவீரர் தினத்தன்று விழா. கொடியேற்றம், பொன்னாடை, பேச்சுப் போட்டி, பள்ளி முகப்புச் சுவரில் எல்லோர் பெயரும் பொறித்த கிரானைட் பலகை. கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் மிட்டாயோடு வீட்டுக்குப் போய் மறந்துவிடக் கூடாது என்பதுதான் கவலை. அனுபவம் உள்ளவர்கள் எதை மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்.

கொடிக்கயிறு:

முதலில் தேதி. ஜனவரி 14 காரணத்தோடு வைத்த நாள்தான். இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953இல் ஓய்வுபெற்ற நாள் அது. ஆனால் நமக்கு அது போகி அல்லது பொங்கல். பள்ளி பூட்டியிருக்கும். அடுத்த நாட்களில் வைக்கலாம் என்றால் மாட்டுப்பொங்கல், தை 3 அன்று சிராவயல் மஞ்சுவிரட்டு. நம் பக்கத்தில் ஆள் சேராது. டிசம்பர் 16 விஜய் திவஸ் (1971 போர் வெற்றி நாள்) பொருத்தமான நாள், அரையாண்டுத் தேர்வு குறுக்கே வரும். ஜூலை 26 கார்கில் நாள் பள்ளி நடக்கும் காலம், ஆனால் வெளியூர்க்காரர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள்.

என் யோசனை: டிசம்பர் 7 கொடிநாளில் பிள்ளைகளின் வேலையைத் தொடங்குங்கள். ஜனவரி 14 காலையில் ஐந்தாறு பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பத்து நிமிடம் இருந்து, அழைப்பிதழைக் கையில் கொடுத்து வரட்டும். விழாவை ஜனவரி 26 காலை வையுங்கள். அன்று பள்ளியில் கொடியேற்றம் எப்படியும் உண்டு, 11 மணிக்குக் கிராம சபையும் இருக்கும். கல் நடுவதற்குத் தீர்மானம் வேண்டுமென்றால் அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

டிசம்பர் 7 பற்றி ஓர் எச்சரிக்கை. கொடிநாள் நிதி என்ற பெயரில் நீங்களாக உண்டியல் வைத்து வசூலிக்காதீர்கள். மாவட்ட நிர்வாகம் வழியாக வரும் சிறு கொடிகளையும் ரசீதையும் கொண்டுதான் வசூலிக்க வேண்டும். அந்தச் சிறு கொடியில் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று நிறம் இருக்கும்: தரைப்படை, கடற்படை, விமானப்படை. 1949 முதல் நடக்கும் வழக்கம். பிள்ளைகளுக்கு அந்த நிறங்களிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

அடுத்தது கொடி. எந்த அளவானாலும் 3:2 விகிதம். 20 அடிக் கம்பத்துக்கு 1350 × 900 மில்லிமீட்டர் கொடி சரியாக நிற்கும். சக்கரத்தின் விட்டம் 280 மில்லிமீட்டர், ஆரக்கால்கள் 24. கடையில் வாங்கும்போது ஆரக்கால்களை எண்ணிப் பாருங்கள், அச்சுக் கொடிகளில் தப்பு வருகிறது. 2021 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு பாலியெஸ்டர் கொடியும் செல்லும். ஆனாலும் கதர்க் கொடி காற்றில் விழுந்து விரியும் அழகு வேறு.

கொடி விரியாமல் சிக்கிக்கொள்வதுதான் ஊர் ஊராக நடக்கும் அவமானம். காரணங்கள் நாலே நாலு. கப்பி துருப்பிடித்திருக்கும், ஒரு வாரம் முன்பே ஏணி போட்டு எண்ணெய் விட வேண்டும். நைலான் கயிறு வழுக்கி முடிச்சு நெகிழும், இல்லையென்றால் இறுகிப்போகும். பருத்திக் கயிறு வாங்குங்கள், கம்பத்தின் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு நீளம். பூவிதழ் ஒரு கைப்பிடிக்கு மேல் போனால் மடிப்பு உப்பி முடிச்சு இறுகும். ஈரப்பூ என்றால் துணியோடு ஒட்டிக்கொள்ளும். கடைசியாக, யாரோ பயந்துபோய் இரட்டை முடிச்சுப் போட்டிருப்பார்கள். மடித்த கொடியைச் சுற்றி ஒரே ஒரு உருவு முடிச்சுதான் போட வேண்டும், இழுத்தால் தானே கழலும்படி. கொடியின் தலைப்பில் மரக்கட்டை கோத்த பக்கம் காவி, அது மேலே. முதல் நாள் மாலை அதே கொடி, அதே கயிறு, அதே ஆளை வைத்து மூன்று முறை பார்த்துவிடுங்கள்.

கல்லைத் திறக்கும்போது தேசியக்கொடியால் மூடாதீர்கள். கொடிச் சட்டம் அதை வெளிப்படையாகத் தடுக்கிறது. வெள்ளைத் துணி போதும். மேடை மேசைக்கு மூவர்ண விரிப்பும் வேண்டாம். பிள்ளைகளுக்குக் காகிதக் கொடி கொடுத்தால், முடிந்ததும் வாங்கி வைக்க வாசலில் ஒரு கூடை வையுங்கள். தரையில் மிதிபடும் கொடியைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போகிற முன்னாள் வீரர் மனம் என்ன பாடுபடும்!

நிகழ்ச்சி ஒரு மணி நேரம் தாண்டக் கூடாது. தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி, நாட்டுப்பண் 52 விநாடி. இரண்டையும் பிள்ளைகளே பாடட்டும், ஒலிப்பதிவு வேண்டாம். மலர்வளையம், அதன்பின் இரண்டு நிமிட மௌனம். பியூகிள் வாசிக்க என்சிசியிலிருந்தோ காவல்துறையிலிருந்தோ ஆள் கிடைத்தால் லாஸ்ட் போஸ்ட் இசை மௌனத்துக்கு முன்னாலும் ரவுஸ் இசை பின்னாலும் வரும். ஆள் கிடைக்காவிட்டால் வெறும் மௌனமே போதும். செல்போனில் போட்டு ஒலிபெருக்கியில் பிடிப்பது வேண்டாம்.

பொன்னாடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 பேர், ஆளுக்கு ஒரு அறிமுகம், ஒரு படம் என்றால் 40 நிமிடம். அவ்வளவு நேரம் 84 வயதுக்காரர் வெயிலில் உட்கார்ந்திருப்பார். பெயரும் பணியும் வாசிக்கும்போது ஒரு பிள்ளை போய் அவர் இருக்கும் இடத்திலேயே கொடுக்கட்டும். கை வைத்த நாற்காலி, நிழல், மேடைப்படி ஏறாத ஏற்பாடு. பீரங்கிப் படையில் இருந்தவர்களுக்குக் காது மந்தமாக இருக்கும், முன்வரிசையில் ஒலிபெருக்கிக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள். வெடி கட்டாயம் வேண்டாம்.

ஆவணப்பெட்டி:

கொடிக்கயிறு அண்ணன் சொன்னதோடு முழுதாக உடன்படுகிறேன். என் பங்கு பெயர்ப் பட்டியல் பற்றி. மற்ற எதில் தவறினாலும் மன்னிப்பார்கள். பதவியையும் படைப்பிரிவையும் தப்பாக வாசித்தால் அந்த மனிதரின் இருபது வருடத்தைத் தப்பாக வாசித்ததாக ஆகும்.

ஊரில் தென்னிந்தியச் சிப்பாய் எல்லோரையும் 'மெட்ராஸ் ரெஜிமென்ட்' என்று சொல்லிவிடுவார்கள். 1758இல் தொடங்கி, இன்று நீலகிரி வெலிங்டனில் மையம் உள்ள காலாட்படை அது. பெங்களூரில் மையம் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் வேறு. பாலம் போடுவது, கண்ணிவெடி அகற்றுவது அவர்கள் வேலை. இஎம்இ (இயந்திரப் பழுதுபார்ப்பு), ஏஎஸ்சி (பொருள் வழங்கல்), சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு), ஆர்ட்டிலரி (பீரங்கி) எல்லாம் தனித்தனி. ஓய்வுக்குப் பிறகு டிஎஸ்சியில் (ராணுவ இடங்களைக் காவல் காக்கும் படை) இரண்டாம் முறை சேர்ந்தவர்களும் நம் பக்கத்தில் நிறைய. அவர்களுக்கு இரண்டு வரி எழுத வேண்டும்.

மூன்று இடத்தில் சரிபாருங்கள். டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் பணிப் பதிவுப் புத்தகம்), பென்ஷன் ஆணை, மெடலின் விளிம்பு. ஆம், மெடலின் ஓரத்தில் படை எண்ணும் பதவியும் பெயரும் பொறித்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். புத்தகம் கரையானுக்குப் போன வீட்டில்கூட மெடல் இருக்கும். அதை எடுத்துத் தரும் வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பித்தளைச் சாமான் மாதிரி புளி போட்டுத் துலக்கக் கூடாது. பொறித்த எழுத்து தேயும், ரிப்பன் சாயம் போகும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

எழுதும் முறை: பதவி, பெயர், அடைப்புக்குள் ஓய்வு. 'முன்னாள் ஹவில்தார்' என்று எழுதாதீர்கள். ஓய்வு பெறுவது ஆள்தான், பதவி இல்லை. ஹானரரி கேப்டன், ஹானரரி நாயப் சுபேதார் என்று கடைசியில் கிடைத்த மதிப்புப் பதவி இருந்தால் அதையே போடுங்கள். தமிழில் பெயரை எப்படி எழுதுவது என்று வீட்டாரையே எழுதிக் காட்டச் சொல்லுங்கள். வரிசை அகரவரிசை. பதவி வரிசையோ தெரு வரிசையோ வந்தால் ஊரில் வேறு பேச்சு கிளம்பும். சாதிப் பெயர் எந்தப் பெயருக்கும் பின்னால் வேண்டாம்.

படை எண், பென்ஷன் எண், ஆதார், செல்போன் எண் இவை பதிவேட்டில் மட்டும். பலகையிலோ வாட்ஸ்அப் படத்திலோ வரவே கூடாது. இப்போது பணியில் இருக்கும் பிள்ளைகளின் யூனிட்டும் இருப்பிடமும் அப்படியே.

1971இல் இறந்தவர்: டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்தில், தியாகச் சக்கரச் சுவர்களில் ஒவ்வொரு கல்லாகப் பெயர் இருக்கிறது. அதன் இணையதளத்தில் தேடலாம். ஆங்கில எழுத்துக்கூட்டல் வீட்டில் எழுதுவதுபோல இருக்காது. படை எண்ணை வைத்துத் தேடுங்கள். கிடைத்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் குடும்பத்துக்குக் கொடுங்கள். பல வீடுகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இறந்தவர்களுக்கு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம், இலவசம். பர்மாவில் உடல் கிடைக்காமல் போனவர்கள் யாங்கூனுக்கு வடக்கே தவுக்கியான் கல்லறையில் உள்ள ரங்கூன் நினைவுத்தூணில் இருப்பார்கள். மலாயா, சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூரில் உள்ள கிராஞ்சி நினைவிடம். இங்கேதான் எல்லோரும் வழி தவறுகிறார்கள்: சிவகங்கை என்று போட்டுத் தேடுவார்கள். சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல். அந்தக் காலப் பதிவில் 'ராம்நாட்' (ராமநாதபுரம்) என்றுதான் இருக்கும். உங்கள் ஊருக்கு வடக்கே இருந்து போனவர் என்றால் 'புதுக்கோட்டை ஸ்டேட்', ஏனென்றால் 1948 மார்ச் வரை அது தனி சமஸ்தானம். குடும்பப் பெயர் என்ற வழக்கம் நமக்கு இல்லாததால் தகப்பனார் பெயரையும் போட்டுத் தேடுங்கள். கருப்பையா என்பதற்கே ஆங்கிலத்தில் ஏழெட்டு எழுத்துக்கூட்டல் வரும். போருக்குப் போய் உயிரோடு திரும்பியவர் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார், அதையும் மனதில் வையுங்கள்.

ஐஎன்ஏ வேறு கணக்கு. அவர்கள் 'முன்னாள் படைவீரர்' என்ற அரசுப் பிரிவில் வருவதில்லை. சுதந்திரப் போராட்டத் தியாகிகள். எனவே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேட்டால் பெயர் இருக்காது. தியாகி பென்ஷன் ஆணை, 1972இல் வெள்ளிவிழாவின்போது கொடுத்த தாமிரப் பட்டயம், ரங்கூனிலிருந்து கப்பலில் திரும்பிய சீட்டு, இவைதான் சான்று. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாக் கடைக் கணக்கேடுகள் பெட்டகத்தில் இன்னும் இருக்கின்றன. வட்டிக்கடையில் வேலை பார்த்த பையன் எந்தத் தேதியோடு சம்பளக் கணக்கிலிருந்து நின்றுபோனான் என்று அதில் தெரியும். அது மட்டும் ஐஎன்ஏவில் சேர்ந்ததற்குச் சான்று ஆகாது. காலத்தைக் குறுக்க உதவும். பெண்களையும் கேளுங்கள். கேப்டன் லட்சுமி தலைமையில் நடந்த ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தமிழ்ப் பெண்கள் நிறையச் சேர்ந்தார்கள்.

சான்று கிடைக்காத பெயரை விட்டுவிடாதீர்கள். பதிவேட்டில் 'ஊரார் சொன்னது' என்று தனித்தலைப்பில், யார் சொன்னார், என்று சொன்னார் என்பதோடு எழுதுங்கள். கல்லில் மட்டும் ஏற்ற வேண்டாம்.

ஊருணிக்கரை:

கண் திறந்தது. ராம்நாட் என்று போட்டுத் தேட எங்களுக்குத் தோன்றவே இல்லை. கல் விஷயத்தில் கொத்தனார், முகப்புச் சுவரில் சிமென்ட் வைத்து ஒட்டிவிடலாம், ஒரே நாள் வேலை என்கிறார். சரிதானா? 4 அடிக்கு 2½ அடி, 2 அங்குலக் கனம்.

செம்புராங்கல்:

ஒட்ட வேண்டாம் ஐயா. உங்கள் சுவர் சுண்ணாம்புக் காரை. அது ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் பின்னால் அடைபட்டு, உப்புப் பூத்து, காரை செங்கல்லை விட்டுக் கழலும். நீங்கள் சொல்லும் பலகை கிட்டத்தட்ட 125 கிலோ. மேலே முட்டைவெள்ளைக் கருவோடு மெருகேற்றிய வழவழப்புப் பூச்சு வேறு இருந்தால் பிடிப்பே இருக்காது. இரண்டு மழைக்காலம் தாங்கும். பிறகு ஒரு நாள் சரியும், அதன் கீழே பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். நூறு வருடச் சுவரும் போகும்.

தனியாக நடுங்கள். கொடிக்கம்பத்துக்கு எதிரே பொட்டலில், நடைபாதையிலிருந்து நாலடி தள்ளி. மொத்தம் 4½ அடி உயரம், 2 அடி அகலம், 4 அங்குலக் கனம்; அதில் 1½ அடி மண்ணுக்குள். எடை 230 கிலோ வரை வரும், மூங்கில் முக்காலியும் செயின் பிளாக்கும் வேண்டும். இரண்டடிக் குழி, அடியில் அரை அடி ஜல்லி இடித்து, கல்லைத் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்தி, சுற்றிலும் கான்கிரீட். ஏழு நாள் தண்ணீர் விட்டு, அதுவரை முட்டுக்கொடுத்து வையுங்கள். ஜனவரி 26க்குத் திறப்பு என்றால் 15ஆம் தேதிக்குள் நட்டாக வேண்டும். பொங்கலில் ஆள் கிடைக்காது, ஆகவே 10க்குள். ஊருணி பக்கத்தில் களிமண் என்றால் குழியை இன்னும் அரை அடி இறக்குங்கள், களிமண் மழையில் உப்பிக் கல்லைச் சாய்க்கும்.

இன்னொன்று, இது கணக்கு இல்லை, மனசு. உயிரோடு இருப்பவர்கள் பெயரைக் கல்லில் பொறித்து அதற்கு மலர்வளையம் வைத்தால் வீட்டுப் பெண்கள் கலங்கிப்போவார்கள். நடுகல் நம்மிடம் இறந்தவனுக்கு நட்டது. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று படிப்படியாகச் சொல்லுகிற அந்த மரபு இன்னும் உள்ளே இருக்கிறது. கல்லில் இறந்தவர்கள் மட்டும். மற்றவர்களுக்குப் பள்ளிக்குள் தேக்குப் பலகை. சங்கத் தலைவர் பட்டியல் பலகை மாதிரி, புதுப்பெயர் எழுத இடம் விட்டு. முதல் உலகப்போருக்குப் பிறகு கிராமங்களில் வைத்த சிறு கல்வெட்டுகளில் இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இரண்டே வரி இருக்கும். அந்தச் சுருக்கம் எனக்குப் பிடிக்கும். திறந்து வைத்தவர் பெயரைக் கல்லின் முகத்தில் போடவே போடாதீர்கள், தேவையானால் பின்பக்கம் சின்னதாக.

எழுத்து: பெயர்களுக்கு ஒரு அங்குல உயரம், தலைப்புக்கு ஒன்றரை. வெட்டு ஆழம் 3 முதல் 4 மில்லிமீட்டர். பெயின்ட் சில வருடத்தில் போய்விடும், ஆழம் இருந்தால் வெறும் கல்லிலேயே படிக்கலாம். கல் வெட்டும் கடைக்கு யுனிகோட் எழுத்தை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர்களின் பழைய எழுத்துரு மென்பொருளில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறும், புள்ளி விழும், ஹ, ஸ கட்டமாகிவிடும். பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். வெட்டுவதற்கு முன் முழு அளவுக் காகித அச்சு வாங்கி அந்தந்த வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கல்லில் விழுந்த பிழைக்கு மருந்து கிடையாது.

அரசு உதவி பெறும் பள்ளியா, அரசுப் பள்ளியா என்று சொல்லவில்லை. எதுவானாலும் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம் வாங்கிக்கொள்ளுங்கள். பொட்டல் ஊராட்சி இடம் என்றால் கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26 கிராம சபையில் போட்டால் அதற்கு முன்னால் நட முடியாது, ஆகவே நவம்பர் 1 கூட்டத்திலேயே போட்டுவிடுங்கள்.

வகுப்பறை:

பிள்ளைகள் மறக்கக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். பேச்சுப் போட்டியை எடுத்துவிடுங்கள். பெரியவர் எழுதிக்கொடுத்ததைப் பிள்ளை ஒப்பிக்கும். எதிரி நாட்டைத் திட்டும் வரிக்குக் கைதட்டல் விழும். முன்வரிசையில் உண்மையில் எல்லையில் நின்றவர் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். அவர் பேசப் பிள்ளை கேட்க வேண்டும்.

ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகள், மூன்று பேர் ஒரு குழு: ஒருவர் கேட்க, ஒருவர் எழுத, ஒருவர் பதிவு செய்ய. ஆசிரியர் ஒருவர் கூட இருக்க வேண்டும். அவர் வீட்டுத் திண்ணையில், காலை 10 மணிக்கு முன்னால், 40 நிமிடம், அதற்கு மேல் போகாதீர்கள். போன் ஃப்ளைட் மோடில், முகப்பில் மின்விசிறியை நிறுத்தி, இரண்டு போனில் பதிவு. வளவில் (வீட்டின் உள்முற்றம்) வைத்தால் எதிரொலி அடிக்கும், திண்ணையோ சின்ன அறையோ நல்லது. போகும் முன் ஒரு தாளில் அவர் சம்மதக் கையெழுத்து. எதை வெளியே போட வேண்டாம் என்று அவர் சொல்கிறாரோ அதையும் அதில் எழுதுங்கள்.

'போர் எப்படி இருந்தது' என்று கேட்டால் 'நல்லா இருந்துச்சு தம்பி' என்பதோடு முடியும். சின்னச் சின்னப் பொருளைப் பற்றிக் கேட்டால் பேச்சு தானே வரும். முதல் தடவை ஊரிலிருந்து எந்த ரயிலில், எத்தனை நாள்? பெட்டியில் என்ன இருந்தது? '56 ஏபிஓ' என்ற ராணுவத் தபால் முகவரிக்குக் கடிதம் வர எத்தனை நாள்? மணியார்டர் எவ்வளவு? இந்தி எப்படிக் கற்றீர்கள்? பனியில் ஷூ எத்தனை சாக்ஸோடு? 'எத்தனை பேரைக் கொன்றீர்கள்' என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். கேட்கக் கூடாது என்பதையும் ஏன் என்பதையும் முன்பே வகுப்பில் பேசிவிடுங்கள். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்தவர்களிடம் அதைப் பற்றிப் பிள்ளைகள் தாமாக ஆரம்பிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் அவர்கள் அதிகம் வாய் திறக்காத காலம் அது. அவரே சொன்னால் குறுக்கிடாமல் கேட்கட்டும்.

கணவரை இழந்த அம்மாக்களிடம் தனியாகப் போங்கள், பெண்பிள்ளைகள் போகட்டும். அவர் இல்லாத வருடங்களில் வீட்டை எப்படி நடத்தினார், வயலை யார் பார்த்தார், தந்தி வந்தால் யார் படித்துச் சொன்னார், இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத வரலாறு. மேடையில் ஏற்றி அழ வைக்காதீர்கள்.

மெடல் ரிப்பனைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். சமர் சேவா ஸ்டார் இருந்தால் 1965 போர். பூர்வி ஸ்டார் 1971இல் கிழக்கு, பஸ்சிமி ஸ்டார் மேற்கு. ஆப் விஜய் என்றால் கார்கில். சியாச்சின் கிளேசியர் மெடல் தனி. ஒரு பிள்ளை தாத்தாவின் சட்டையைப் பார்த்து 'நீங்க 71ல கிழக்குப் பக்கம் இருந்தீங்களா' என்று கேட்டால் அவர் முகம் மாறும் பாருங்கள்! வீரச் செயலுக்கான விருதில் போர்க்காலம் பரம்வீர், மகாவீர், வீர் சக்கரம். அமைதிக்காலம் அசோக், கீர்த்தி, சௌரிய சக்கரம். பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், கார்கிலில் இறந்து வீர் சக்கரம் பெற்ற மேஜர் சரவணன், 2014இல் இறந்து அசோக் சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன், மூவரையும் இந்த இரண்டு வரிசையில் எங்கே வைப்பது, ஏன் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

அறிவியல் பாடத்திலும் இடம் உண்டு. கார்கில் போர் நடந்த பகுதியில் உள்ள திராஸ் 3,280 மீட்டர் உயரம். 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும் என்று கணக்குப் போட்டால் அங்கே தண்ணீர் 89 டிகிரியில் கொதித்துவிடும். திறந்த பானையில் பருப்பு வேகாது, குக்கர் இல்லாமல் சாப்பாடு இல்லை. இதைப் பிள்ளை போட்டுப் பார்த்த பிறகு சமையல் பிரிவில் இருந்த ஓய்வுபெற்றவரிடம் போய்க் கேட்கட்டும். துப்பாக்கி பிடித்தவர் மட்டும்தான் வீரர் என்ற எண்ணமும் அங்கேயே மாறும்.

ஊரைச் சுற்றியே இடங்கள் இருக்கின்றன. செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். திருப்பத்தூரில் 1801 அக்டோபர் 24 அன்று மருதிருவர் தூக்கிலிடப்பட்ட இடம். சிவகங்கை இலுப்பைக்குடியில் இந்தோ திபெத் எல்லைக் காவல் படைப் பயிற்சி மையம். பள்ளியிலிருந்து கடிதம் எழுதி அனுமதி கேட்டுப் பாருங்கள். ஒரு நாளில் மூன்றையும் அடைக்காதீர்கள், வருடத்துக்கு ஒன்று போதும்.

பென்ஷன்மேசை:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். விழா நாளன்று ஓரமாக ஒரு மேசை போடுங்கள், ஆயுள் சான்றுக்காக (பென்ஷன்தாரர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஆண்டுதோறும் தரும் சான்று). பாதுகாப்புத்துறைப் பென்ஷன் ஸ்பர்ஷ் என்ற இணையவழி முறைக்கு மாறிய பிறகு பென்ஷன் நின்றுபோகப் பெரும்பாலும் இந்தச் சான்று பதிவாகாததுதான் காரணம். ஜீவன் பிரமான் செயலி, ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலி இரண்டும் போட்ட ஒரு ஆண்ட்ராய்டு போன் போதும், முகத்தைக் காட்டினால் பதிவாகும். விரல்ரேகை தேய்ந்த விவசாயக் கைகளுக்கு இது பெரிய உதவி. பென்ஷன் வழங்கும் இடம் கேட்கும்போது பழைய வங்கிப் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். சான்று உருவாகும், பிறகு நிராகரிக்கப்படும். ஸ்பர்ஷில் இருப்பவருக்கு 'ஸ்பர்ஷ் - பிசிடிஏ பென்ஷன்ஸ் அலகாபாத்' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், பின்னால் ஜன்னல் கூடாது. ஓடிபி வந்தால் அவர் கையாலேயே அவரே போடட்டும். யாரும் வாங்கிப் பார்க்கக் கூடாது. குடும்பப் பென்ஷன் வாங்கும் மூன்று அம்மாக்களின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலும் பென்ஷன் ஆணையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அன்றே பார்த்துவிடுங்கள். வேறாக இருந்தால் சிவகங்கையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மனு, டிஸ்சார்ஜ் புக் நகலோடு.

ஊருணிக்கரை:

அனைவருக்கும் நன்றி. சுவரில் ஒட்டுவதை நிறுத்தியாயிற்று, கொத்தனாரிடம் சொல்லிவிட்டோம். பேச்சுப் போட்டிக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு கெட்டி அட்டைப் பதிவேடும் இரண்டு மைக்கும் வாங்குகிறோம். ஒரு சந்தேகம்: சிஆர்பிஎஃப்பில் (மத்திய ரிசர்வ் காவல் படை) இருந்து வந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் முன்னாள் படைவீரர் பட்டியலில் வருவாரா?

ஆவணப்பெட்டி:

அரசுக் கணக்கில் மத்திய ஆயுதக் காவல் படைகள் உள்துறையின் கீழ் வருவதால் 'முன்னாள் படைவீரர்' என்ற சொல்லுக்குள் வரமாட்டார். உங்கள் பலகைக்கு அந்தக் கணக்கு எதற்கு? 'ஊரிலிருந்து நாட்டுக்காகப் பணியாற்றியவர்கள்' என்று தலைப்பு வையுங்கள். முப்படை, துணைப்படை, ஐஎன்ஏ என்று மூன்று பிரிவு, மூன்றிலும் ஒரே அளவு எழுத்து. அவருக்கும் கை வைத்த நாற்காலி போடுங்கள்.